புரோக்கர் காசு யார் பையில இருந்து போகுது? மச்சினன் பாத்த மூணு வீட்டு கணக்கு

மூணு மாசமா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா என் மச்சினன் காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்து நின்னுடுவான், அக்கா கையால நாலு இட்லி, அப்புறம் "மாமா கிளம்புங்க"ம்பான், ரெண்டு பேரும் பைக்ல வீடு பாக்க போயிடுவோம். இப்போ சல்லடை போட்டு சலிச்சு மூணு வீடு மிச்சம் நிக்குது. குரோம்பேட்டைல பன்னெண்டு வருஷ பழைய ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், 72 லட்சம் சொல்றாங்க, புரோக்கர் வழியா வந்தது. வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டுல கட்டிட்டு இருக்குற புது ப்ராஜெக்ட், 68 லட்சம், அங்க கூட்டிட்டு போனவரு "சார் உங்ககிட்ட ஒரு ரூபா வாங்க மாட்டேன்"னு சத்தியம் பண்றாரு. மூணாவது செலையூர்ல, புரோக்கரே இல்லாம ஓனரையும் நம்மளயும் கோத்து விடுற ஆப்ல பாத்தது, 70 லட்சம்.

அவன் கேட்டது ஒரே கேள்விதான். "மாமா, இதுல எதுல புரோக்கர் செலவு கம்மி?"

மேலோட்டமா பாத்தா செலையூர்லயும் வண்டலூர்லயும் புரோக்கர் செலவே இல்ல, கடைசிலதான் குரோம்பேட்டை. ஆனா நான் குரோம்பேட்டையதான் முதல்ல பேசலாம்னு சொன்னேன், அவன் என்ன ஒரு மாதிரி பாத்தான். ஏன்னு ஒக்காந்து பேசுனதத்தான் இங்க எழுதுறேன், வீடு பாத்துட்டு இருக்குறவங்களுக்கு உபயோகப்படும். நான் 2021ல ரீசேல் ஃப்ளாட் வாங்கினவன், அதுக்கு முன்னாடி அப்பாவோட மனைய வித்த கதையும் இருக்கு, ரெண்டுலயும் சூடு பட்டிருக்கேன்.

முதல்ல நம்ம ஊரு வழக்கம். சென்னைல பழைய வீடு கைமாறினா வாங்குறவங்க கிட்ட ஒரு பர்சென்ட், விக்கிறவங்க கிட்ட ஒரு பர்சென்ட், சில பேரு ரெண்டு ரெண்டு கேப்பாங்க, சின்ன விலை வீடுன்னா ரெண்டுக்கு கம்மியா பேச்சே இல்லைம்பாங்க. இத எந்த சட்டமும் நிர்ணயம் பண்ணல, வெறும் பழக்கம்தான், அதனால பேசி குறைக்க முடியும், நிறைய பேரு இது ஏதோ கவர்மெண்ட் ரேட்டு மாதிரி நினைச்சு அப்படியே குடுத்துடுறாங்க. 72 லட்சத்துக்கு ஒரு பர்சென்ட் 72,000. ஜிஎஸ்டி நம்பர் இருக்குற ஆளுன்னா அதுக்கு மேல 18 பர்சென்ட், 12,960. தெருமுனை புரோக்கர் பெரும்பாலும் வருஷத்துக்கு 20 லட்சம் வருமானம் காட்ட மாட்டாரு, அதனால அவருக்கு ஜிஎஸ்டி இருக்காது, அவரு ஜிஎஸ்டின்னு சொல்லி கேட்டா நம்பர் கேளுங்க, பேச்சு மாறிடும்.

இதோட இன்னொரு ஒரு பர்சென்ட்ட போட்டு குழப்பிக்கிறவங்க இருக்காங்க. வீடு 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா வாங்குறவங்க விலைல ஒரு பர்சென்ட் பிடிச்சு வருமான வரிக்கு கட்டணும், டிடிஎஸ். அது ஓனருக்கு குடுக்க வேண்டிய காசுல இருந்து பிடிக்கிறது, நம்ம கை காசு இல்ல. புரோக்கர் கமிஷன் நம்ம கை காசு. அதுவும் லோன்ல வராத காசு, பேங்க் அதுக்கெல்லாம் குடுக்காது, ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு நம்ம சொந்தக் காசா தயாரா இருக்கணும். என் மச்சினன் அந்த 72,000த்த கணக்குலயே வைக்கல, பத்திரச் செலவ மட்டும் எழுதி வச்சிருந்தான்.

சரி, இந்த பர்சென்ட் கணக்குல என்ன கோளாறுன்னு அவனுக்கு ஒரு சிகரெட் அட்டை பின்னாடி எழுதி காமிச்சேன். 72 சொல்ற வீட்ட நீ 68க்கு முடிச்சா உனக்கு நாலு லட்சம் மிச்சம். பத்திரத்துல போடுற விலை கைடுலைனுக்கு (அரசாங்கம் அந்த இடத்துக்கு வச்சிருக்குற வழிகாட்டி மதிப்பு) மேல இருக்குற வரைக்கும், முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 பர்சென்ட், அந்த நாலு லட்சத்துக்கு இன்னொரு 36,000 மிச்சம். புரோக்கருக்கு என்ன ஆகும்? உன் பக்கம் நாலாயிரம் குறையும், ரெண்டு பக்கமும் அவரே வாங்குறாருன்னா எட்டாயிரம் குறையும். அதாவது உனக்கு நாலே கால் லட்சத்துக்கு மேல மிச்சம் பண்ணி குடுக்க அவரு ஓனர் வீட்டுக்கு மூணு வாரம் நடையா நடக்கணும், நடந்து முடிச்சா அவருக்கு எட்டாயிரம் நஷ்டம். யாருடா நடப்பா?

இதுல அவர கெட்டவர்னு சொல்ல ஒண்ணும் இல்ல. நிறைய பேரு நினைக்கிற மாதிரி புரோக்கருக்கு விலை ஏறணும்னு கூட பெரிய ஆசை கிடையாது, ஏறினாலும் அவருக்கு கிடைக்கிறது நாலாயிரம் ஐயாயிரம்தான். அவருக்கு வேணும்ங்கிறது சீக்கிரம் முடியணும், இன்னிக்கு டோக்கன், அதாவது முன்பணம் விழணும், அவ்ளோதான். அதனாலதான் "சார் இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க"ங்கிற வசனம் எல்லா வீட்டுலயும் கேக்குது. அந்த இன்னொரு பார்ட்டிய நான் இந்த இருபது வருஷத்துல நேர்ல பாத்ததே இல்ல.

அப்புறம் ஒரு வீட்டுக்கு ஒரு புரோக்கர்னு நினைச்சுக்காதீங்க. குரோம்பேட்டை வீட்டுக்கு எங்கள கூட்டிட்டு போனவரு ஒருத்தரு, அவருக்கு தகவல் குடுத்தவரு டீக்கடைல ஒக்காந்திருக்குற இன்னொருத்தரு, ஓனர் பக்கம் ஒருத்தரு, வாட்ச்மேனுக்கு தனியா ஏதோ. வாங்குற பக்கம் வர்ற ஒரு பர்சென்ட்ட இந்த பக்கம் இருக்குறவங்க பிரிச்சுக்குவாங்க, ஓனர் பக்கத்த அந்த பக்கம். ஆக எங்கள கூட்டிட்டு போனவரு கைக்கு உண்மைல வரப்போறது முப்பத்தஞ்சாயிரம் ரூபாதான். இது தெரிஞ்சா பேரம் பேசுறதுக்கு ரொம்ப வசதி, ஏன்னா அவருகிட்ட நீங்க 72,000த்த பத்தி பேசல, அவரோட 35,000த்த பத்தி பேசுறீங்க.

இதுலயே இன்னொரு வகை இருக்கு, அதுதான் எனக்கு ஆகவே ஆகாதது, நெட் ரேட். ஓனர் புரோக்கர்கிட்ட "எனக்கு கைல இவ்ளோ வந்தா போதும், மேல நீ எவ்ளோ வச்சுக்கிறியோ அது உன் பாடு"ன்னு சொல்லிடுவாரு. கமிஷனே கிடையாதுன்னு சொல்வாங்க, கேக்க நல்லா இருக்கும். 2014ல எங்க அப்பா கூடுவாஞ்சேரி பக்கம் வச்சிருந்த மனைய இப்படித்தான் குடுத்தாரு, அவருக்கு 14 லட்சம் நெட்டுன்னு பேச்சு. பத்திரம் பதியுற அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல வாங்க வந்தவரோட சம்சாரம் என்கிட்ட சாதாரணமா பேச்சுக்கு "பதினெட்டரைங்கிறது கொஞ்சம் ஜாஸ்திதான், இவருக்கு இடம் பிடிச்சு போச்சு"ன்னாங்க. எனக்கு தொண்டைல ஏதோ சிக்கின மாதிரி ஆயிடுச்சு. நாலரை லட்சம், நடுவுல நின்னவரு எடுத்துட்டாரு, எங்க அப்பா கையெழுத்து போட்டுட்டு அவருக்கே நன்றி சொல்லிட்டு வந்தாரு. அப்பா நெட்டுக்கு ஒத்துக்கிட்டவரு, அவரு பேச வாய் இல்ல. வாங்கினவங்க ஏமாந்தத நினைச்சாத்தான் பாவமா இருக்கு, அவங்க கமிஷன் இல்லாம வாங்கினோம்னு சந்தோஷமா போனாங்க.

வாங்குறவங்களுக்கு இத கண்டுபிடிக்க ஒரே வழிதான், விலை பேசுற அன்னிக்கு ஓனர் எதிர்ல இருக்கணும். "ஓனர் ஊர்ல இல்ல, நான் பேசி சொல்றேன், நீங்க டோக்கன் என்கிட்ட குடுங்க"ன்னா எழுந்து வந்துடுங்க. டோக்கன் எப்பவுமே ஓனர் பேர்ல செக்கோ பேங்க் வழியாவோ, புரோக்கர் கைல ஆயிரம் ரூபா கூட வேணாம். சில நேரம் புரோக்கரே ஓனர்கிட்ட ஒரு அக்ரிமெண்ட் போட்டு வச்சுக்கிட்டு, இல்ல அவருக்கு பதிலா விக்கிற அதிகாரத்த பவர் பத்திரமா வாங்கி வச்சுக்கிட்டு, விக்கிறவரா மாறி நிப்பாரு, அப்போ அவரு உங்க ஏஜென்ட்டே இல்ல, எதிர் பார்ட்டி. நம்ம காண்ட்ராக்ட் சட்டம் 1872லயே, நம்ம ஏஜென்ட் நமக்கு தெரியாம அந்த வேலைல சொந்த கணக்குல பண்ணி லாபம் பாத்தா அந்த லாபத்த நாம கேக்கலாம்னு 216வது பிரிவுல இருக்கு. கேஸ் போட்டு வாங்குறது வேற விஷயம், ஆனா சட்டம் அவ்ளோ பழசு, அதாவது இந்த வித்தையும் அவ்ளோ பழசு.

சட்டத்த பேசுறப்பவே இன்னொண்ணு, காசு எப்போ குடுக்குறதுங்கிறது. புரோக்கர்ங்க பாதி காச அக்ரிமெண்ட் போடுற அன்னிக்கு கேப்பாங்க, பாதி ரிஜிஸ்ட்ரேஷன்ல. அதே சட்டத்துல 219வது பிரிவு, வேற மாதிரி பேசிக்கலன்னா வேலை முடிஞ்சாத்தான் ஏஜென்ட்டுக்கு கூலி. வீடு வாங்குறதுல வேலை முடியுறதுங்கிறது என் பாஷைல ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கைநாட்டு வச்சு வெளிய வர்றது. அக்ரிமெண்ட்டுக்கு அப்புறம் பேங்க்காரன் லீகல் சரியில்லைன்னு லோன ரிஜெக்ட் பண்ற கதை எவ்ளோ இருக்கு, அப்போ குடுத்த பாதி காசு திரும்பி வருமா, வராது, "நான் என் வேலைய முடிச்சுட்டேன் சார், லோன் வரலைன்னா நான் என்ன பண்ண"ம்பாரு. அவரு பக்கமும் நியாயம் இருக்கு, ஏன்னா சில பேரு புரோக்கர் காமிச்ச வீட்ட அவர கழட்டி விட்டுட்டு நேரா ஓனர்கிட்ட போய் முடிச்சுக்குறாங்க, அவங்களால அவரு பயந்துதான் முன்னாடியே கேக்குறாரு. அதனால நான் சொல்ற நடுவழி, அக்ரிமெண்ட்ல கால் பங்கு, ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச அன்னிக்கே அங்கயே முக்கால் பங்கு, எல்லாம் பேங்க் வழியா, ரசீதோட. ரசீது ஏன்னா பின்னாடி வீட்ட விக்கிறப்போ லாபத்துக்கு வரி கணக்கு போடுறப்போ வாங்கின விலையோட இந்த புரோக்கரேஜையும் சேத்துக்கலாம், ரசீது இல்லன்னா சேத்துக்க முடியாது. ரொக்கமா குடுத்து நான் 2021ல இத கோட்டை விட்டேன்.

இப்போ வண்டலூர் வீடு. "உங்ககிட்ட ஒரு ரூபா வாங்க மாட்டேன்". வாங்க மாட்டாருதான், அது பொய் இல்ல, ஏன்னா பில்டர் குடுத்துடுவாங்க. இந்த ஆளுங்களுக்கு பேரே புரோக்கர் கிடையாது, சேனல் பார்ட்னர், கழுத்துல டேக் மாட்டிக்கிட்டு ஏசி கார்ல கூட்டிட்டு போவாங்க, சைட்ல ஜூஸ் குடுப்பாங்க. சாதாரணமா ரெண்டுல இருந்து நாலு பர்சென்ட் வரைக்கும் பில்டர் குடுப்பாங்க, விக்காம நிக்கிற ப்ராஜெக்ட்னா இன்னும் தாராளமா. மூணுன்னே வச்சுக்குவோம், 68 லட்சத்துக்கு 2,04,000. குரோம்பேட்டை புரோக்கர் கேக்குறதவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு. அந்த காச பில்டர் அவரு தாத்தா சொத்துல இருந்தா எடுத்து குடுக்குறாரு, சதுரடி ரேட்டுலயே அது ஒக்காந்திருக்கு. இதுல உனக்கு பில்லும் வராது, பேரமும் பேச முடியாது.

எந்த ப்ராஜெக்ட்டுக்கு கமிஷன் ஜாஸ்தியோ அங்கதான் அவரு கார் முதல்ல போகும்ங்கிறதயும் மறந்துடக்கூடாது. நாங்க போன அன்னிக்கு மூணு சைட் காமிச்சாரு, நாங்க கேட்ட மேடவாக்கம் பக்கம் இருக்குற ஒரு சைட்ட மட்டும் "அது வேணாம் சார், தண்ணி நிக்கும்"னு தட்டி விட்டுட்டாரு. தண்ணி நிக்குதோ இல்லையோ, அந்த பில்டர் புரோக்கருக்கே குடுக்குறதில்லன்னு அப்புறம் தெரிஞ்சுது. (தண்ணியும் நிக்கும்னு அங்க இருக்குற என் ஃப்ரெண்டு சொன்னான், அது வேற கதை.)

புது ப்ராஜெக்ட்ல போறவங்களுக்கு ஒரே ஒரு சூட்சுமம். புரோக்கர் உங்க போன் நம்பர பில்டர்கிட்ட பதிஞ்சுட்டா நீங்க அவரோட ஆளுன்னு அவங்க சிஸ்டத்துல ஏறிடும், அதுக்கு அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு நீங்க நேரா போய் நின்னாலும் புரோக்கர் வழியா வந்ததாத்தான் கணக்கு, அந்த மூணு பர்சென்ட்ட விலைல குறைச்சு குடுங்கன்னு கேட்டா கை விரிச்சுடுவாங்க. அதனால பிடிச்ச ப்ராஜெக்ட் இருந்தா முதல் தடவையே யாரும் இல்லாம நேரா சேல்ஸ் ஆபீஸ் போங்க, போய் "நான் யார் மூலமாவும் வரல, அந்த காச எனக்கு குறைங்க"ன்னு வெக்கப்படாம கேளுங்க. முழுசா குறைக்க மாட்டாங்க, கார் பார்க்கிங்லயோ சதுரடி ரேட்டுலயோ கொஞ்சம் இறங்குவாங்க. ஏற்கனவே புரோக்கரோட போயிட்டீங்கன்னா அவருகிட்டயே கேளுங்க, பாதி திருப்பி குடுக்குற ஆளுங்களும் இருக்காங்க. மச்சினன் விஷயத்துல அவன் நம்பர் ஏறிடுச்சு, வெப்சைட்ல எங்கயோ ஒரு தடவை நம்பர் போட்டான், அன்னிக்கே மூணு பேரு போன் பண்ணாங்க, அதுல ஒருத்தரு பதிஞ்சுட்டாரு.

ஒரு பக்கம் பாத்தா இங்கதான் வாங்குறவனுக்கு சட்ட பாதுகாப்பு ஜாஸ்தி. 2016 ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பில்டர் விக்கிற, ரெரால பதிஞ்ச ப்ராஜெக்ட்ட விக்க உதவி பண்ற ஏஜென்ட்டும் ரெரால பதிஞ்சிருக்கணும், பதியாம வேலை பாத்தா ஒரு நாளைக்கு பத்தாயிரம்னு அபராதம், அது அந்த ஃப்ளாட் விலைல அஞ்சு பர்சென்ட் வரைக்கும் போகும். தமிழ்நாடு ரெரா சைட்ல ஏஜென்ட் பேர் இருக்கான்னு பாக்கலாம், ப்ராஜெக்ட்டும் பாக்கலாம். பில்டரும் விலைல பத்து பர்சென்ட்டுக்கு மேல அட்வான்ஸ் வாங்கணும்னா முதல்ல அக்ரிமெண்ட்ட பதியணும். குரோம்பேட்டை மாதிரி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் வாங்குற பழைய வீட்டுக்கு அந்த ஏஜென்ட் பதிவு விதி வராது, பில்டர் விக்கிறதுக்கு மட்டும்தான். அதனால ரீசேல் புரோக்கர் "நான் ரெரா ரிஜிஸ்டர்ட் சார்"னு கார்டு நீட்டினா நல்லதுதான், ஆனா உங்க வீட்டு விஷயத்துல அந்த கார்டு பெருசா ஒண்ணும் பண்ணாது. வண்டலூர்ல வாங்குறதா இருந்தா கட்டிட்டு இருக்குற வீடுங்கிறதால 68க்கு மேல அஞ்சு பர்சென்ட் ஜிஎஸ்டி 3,40,000 இருக்கு, ஆக 71,40,000. பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டியே இல்ல. "ஒரு ரூபா வாங்க மாட்டேன்"னு சொன்னவரு இத கார்ல வர்றப்போ சொல்லல.

இந்த ஃப்ரீங்கிற வார்த்தை அமெரிக்காவையே ஏமாத்தியிருக்கு. நியூஜெர்சில இருக்குற என் பெரியப்பா பையன் போன்ல சொன்னான், அங்க ரொம்ப காலமா விக்கிறவங்கதான் அஞ்சு ஆறு பர்சென்ட் கமிஷன் குடுப்பாங்களாம், அத விக்கிறவரோட ஏஜென்ட்டும் வாங்குறவரோட ஏஜென்ட்டும் பங்கு போட்டுக்குவாங்க, அதனால வாங்குறவங்க எல்லாரும் என் ஏஜென்ட் எனக்கு ஃப்ரீன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. 2023 அக்டோபர்ல கன்சாஸ் சிட்டில வீடு வித்தவங்க போட்ட கேஸ்ல ஜூரி கிட்டத்தட்ட 180 கோடி டாலர் நஷ்ட ஈடு குடுக்கணும்னு சொல்லிடுச்சு, அடுத்த மார்ச்ல அங்க இருக்குற ரியல்டர் சங்கம் 41.8 கோடி டாலருக்கு சமாதானம் பேசுச்சு, 2024 ஆகஸ்ட் 17ல இருந்து புது விதி. வாங்குறவரு ஏஜென்ட்டோட ஒரு வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எவ்ளோன்னு எழுதி கையெழுத்து போட்டுக்கணும். விக்கிறவங்க குடுக்கட்டும், நீ குடு, எப்படி வேணா இருக்கட்டும், தொகை முன்னாடியே கண்ணுக்கு தெரியணும். நம்ம புரோக்கர் ரெண்டு கையாலயும் வாங்கினாலும் அதுல ஒரு கை நம்ம கண்ணு முன்னாடி நீளுது, அத பொறுத்தவரை அங்கவிட இங்க பரவால்லதான். ஆனா அந்த எழுதி வச்சுட்டு வீடு பாக்குற விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது, அத திருடிக்கிட்டேன், கீழ சொல்றேன்.

செலையூர் வீட்டுக்கு வருவோம், ஆப். மச்சினனுக்கு ஆப்னா போதும், அவன் கல்யாணத்துக்கு பொண்ணு பாத்ததே ஆப்லதான். ஃப்ரீயா நாலஞ்சு ஓனர் நம்பர் பாக்க விடும், அப்புறம் பிளான் வாங்கு, சில ஆயிரம் ரூபா, அதுக்கு மேல ஒரு பிளான், அதுல ஒரு ஆள் உங்களுக்காக ஓனர்கிட்ட பேசுவாரு. பர்சென்ட் கிடையாது, வீடு முடிஞ்சாலும் முடியலைன்னாலும் பணம் முன்னாடியே போயிடும். அதாவது இங்க உங்க ஆளுக்கு நீங்க வாங்கணும்ங்கிற அவசரமும் கிடையாது, வாங்கலைன்னா வருத்தமும் கிடையாது. ஓனர்னு போட்டிருக்குறதுல போன் பண்ணா பாதி புரோக்கர், "ஓனர் என் சித்தப்பாதான் சார்"ம்பாங்க. ஆனா செலையூர்ல நிஜமாவே ஓனர், ரிட்டயர்டு ஆனவரு, காபி குடுத்தாரு, கரண்ட் பில்லு முதக்கொண்டு ஃபைல் போட்டு வச்சிருக்காரு. பிரச்சன என்னன்னா அவரு 70ன்னு சொன்னா 70தான், ஒரு ரூபா குறைய மாட்டேங்கிறாரு, நடுவுல பேச ஆளு இல்ல, நேருக்கு நேரா ரெண்டு பேரும் மூஞ்சிய பாத்துட்டு ஒக்காந்திருக்கோம். புரோக்கர் இருந்தா நாம போனதுக்கு அப்புறம் அவருகிட்ட "சார் 68க்கு கைல காசோட நிக்கிறாங்க, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, விட்டா போயிடும்"னு நாலு தடவை போய் ஓதுவாரு. அந்த ஓதுற வேலைக்குத்தான் புரோக்கருக்கு காசு, கதவ திறந்து காமிக்கிறதுக்கு இல்ல, ஆப் வந்ததுக்கு அப்புறம் கதவு திறக்குறது ஃப்ரீ ஆயிடுச்சு. ஓதத் தெரிஞ்ச நல்ல புரோக்கர் ஒரு பர்சென்ட்டுக்கு மேலயே மிச்சம் பண்ணி குடுப்பாரு, அவருக்கு அதுல ஆசை வர்ற மாதிரி நாம காச வச்சா.

அங்கதான் என் யோசனை. பர்சென்ட்ட தூக்கி போட்டுட்டு ஒரு லம்ப்சம், அதாவது மொத்தமா ஒரு தொகை பேசு. 50,000 உறுதி, 72ல இருந்து நீ குறைச்சு குடுக்குற ஒவ்வொரு லட்சத்துக்கும் பத்தாயிரம் மேல. 68க்கு முடிச்சா 90,000 வாங்கிக்கோ. பர்சென்ட்ல போயிருந்தா 68,000தான், நீ 22,000 ஜாஸ்தி குடுக்குற, ஆனா நாலு லட்சம் குறைஞ்சிருக்கு. குறையவே இல்லைன்னா 72,000த்துக்கு பதிலா 50,000தான் போகுது. இது ஓனர் பக்கம் தனியா புரோக்கர் இருக்குற வீட்டுக்குத்தான் பொருந்தும், குரோம்பேட்டைல அப்படித்தான். ரெண்டு பக்கமும் ஒரே ஆளுன்னா அவரு ஓனர்கிட்டயும் காசு வாங்கிட்டு ஓனருக்கே குழி பறிக்கிற மாதிரி ஆயிடும், நமக்கு பண்றவரு நாளைக்கு நம்மளுக்கு எதிராவும் பண்ணுவாரு, அங்க வெறும் லம்ப்சத்தோட நிறுத்திக்கணும்.

இன்னொரு விஷயத்துல நான் விட்டே குடுக்க மாட்டேன், லீகல். மூணு வீட்டுலயும் மூணு பேரும் "நம்ம வக்கீல் இருக்காரு சார்"னாங்க. வேணாம். வீடு முடிஞ்சாத்தான் காசுங்கிறவரு கூட்டிட்டு வர்ற வக்கீலு வீடு முடியக்கூடாதுன்னு சொல்லுவாரா? பேங்க் வக்கீலும் பேங்க் போடுற காசுக்கு பாதுகாப்பு இருக்கான்னுதான் பாப்பாரு. சம்பந்தமே இல்லாத ஒரு வக்கீல்கிட்ட மூலப்பத்திரத்துல இருந்து காட்டி ஒப்பீனியன் வாங்குங்க, 2021ல நான் 10,000 குடுத்தேன், அந்த வீட்டுக்கு முன்னாடி பாத்த ஒண்ணுல வாரிசு ஒருத்தரு கையெழுத்தே போடலைன்னு அவருதான் கண்டுபிடிச்சாரு. வில்லங்கத்த, அதாவது சொத்து மேல பதிவாகியிருக்குற கடன், கைமாறின விவரத்த, பதிவுத்துறை சைட்ல நீங்களே ஃப்ரீயா பாக்கலாம், அதுக்கு ஒருத்தர் ஐநூறு ஆயிரம்னு கேட்டா குடுக்காதீங்க. அதே மாதிரி லோன் வாங்கி தர்றேன், பத்திரம் எழுத ஆள் தர்றேன், இன்டீரியர் ஆள் தர்றேன்னு புரோக்கர் சொல்ற ஒவ்வொரு "தர்றேன்"லயும் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். பங்கு இருந்தா தப்பில்ல, வெளிய ரெண்டு இடத்துல ரேட் கேட்டுட்டு போங்க, அவ்ளோதான். ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு "ஆபீஸ் செலவு"ன்னு ஒரு தொகை கடைசி நிமிஷத்துல முளைக்கும், எதுக்குன்னு ரசீது இருக்காது, புரோக்கர்கிட்ட பேசுறப்பவே இதுல அது எதுவும் வராதுன்னு சொல்லிடுங்க.

இப்போ மூணையும் பக்கத்துல வச்சா, செலையூர் 70 லட்சமும் ஆப்புக்கு சில ஆயிரமும். வண்டலூர் புரோக்கருக்கு சைபர், ஆனா ஜிஎஸ்டியோட 71,40,000, உள்ள ஒளிஞ்சிருக்குற ரெண்டு லட்சத்த திருப்பி கேக்கவும் வழி இல்லாம நம்பர் ஏறிடுச்சு, வீடு கைக்கு வர ரெண்டு வருஷம், அது வரைக்கும் வாடகையும் குடுக்கணும். குரோம்பேட்டை 72ன்னு ஆரம்பிச்சு 69க்கு வந்தா புரோக்கர் 80,000 போக 69,80,000, செலையூர்கூட சரிக்கு சரியா வந்துடும், 68க்கு வந்தா கம்மி. "புரோக்கருக்கு ஜாஸ்தி குடுக்குற வீடு விலை கம்மியா வருதே மாமா"ன்னான். அதத்தான்டா மூணு மாசமா சொல்றேன்.

போன ஞாயிறு குரோம்பேட்டை புரோக்கர டீக்கடைலயே புடிச்சோம். நியூஜெர்சி பாணில ஒரு வெள்ளத்தாள்ல நாலு வரி எழுதி எடுத்துட்டு போயிருந்தேன், எவ்ளோ, எப்போ, எது வந்தா மேல எவ்ளோ, ஆபீஸ் செலவு கிடையாது. அவரு கண்ணாடிய போட்டு ரெண்டு தடவை படிச்சாரு. "முப்பது வருஷமா தொழில் பண்றேன், எழுதி குடுன்னு கேட்ட முத ஆளு நீங்கதான் சார்"னாரு, கோவமா பெருமையான்னு இப்ப வரைக்கும் எனக்கு புரியல. 50 ஆகாதுன்னாரு, 55ல நின்னுச்சு, லட்சத்துக்கு பத்துங்கிறத எட்டாக்கினோம், டீக்கடை ஆளுக்கு குடுக்க வேண்டியத அவரே பாத்துக்கணும்னும் சேத்து எழுதினோம். புதன்கிழமை ராத்திரி ஒம்போதரைக்கு அவரே போன் பண்ணாரு, இதுக்கு முன்னாடி நாமதான் பண்ணணும், ஓனர் எழுபதரைக்கு இறங்கிட்டாராம், இன்னும் ஒரு வாரம் டைம் குடுங்கன்னாரு. வில்லங்கம் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. வக்கீல் மட்டும் நிலத்தோட 1986 பத்திரத்த கண்ணால பாத்தாத்தான் ஆச்சுங்கிறாரு, அது ஓனரோட அண்ணன் வீட்டு பீரோல மதுரைல இருக்காம், சாவி அண்ணிகிட்ட இருக்காம்.